இரு சக்கர வாகன ஓட்டிகளுக்காக விதி கேட்பது எப்படி: வேகத்தடையை அளப்பதில் இருந்து அரசிதழ் வரை

விபத்து ஒன்று நடந்ததும் இருபது பேர் பேனர் பிடித்து ஊர்வலம் போவார்கள். இரண்டே மாதத்தில் அந்த வாட்ஸப் குழு காலை வணக்கம் அனுப்பும் குழுவாகிவிடும், விபத்துக்குக் காரணமான வேகத்தடை மட்டும் இடத்தை விட்டு அசைந்திருக்காது. இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், நானே அப்படி ஒரு ஊர்வலத்தில் போயும் இருக்கிறேன். கோளாறு பெரும்பாலும் வரிசையில்தான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறோம்.

இந்தியச் சட்டத்தின்படி, தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். தேவையானவை: மூன்று நான்கு பேர், அளவு நாடா, செல்போன், ஒரு நோட்டு, சில பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லைகள், ஆறு மாதப் பொறுமை. சங்கப் பதிவு, லெட்டர்பேட், ரப்பர் ஸ்டாம்ப் எதுவும் இப்போது வேண்டாம். தலைவர் யார் என்ற சண்டையில் பாதிக் குழுக்கள் உடைந்துபோவது அங்கேதான்.

1. பிரச்சினை எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

மூன்றே வகைதான். சாலையில் கோளாறு, இருக்கிற விதி நடைமுறையில் இல்லாத கோளாறு, விதியிலேயே கோளாறு. மூன்றுக்கும் போகவேண்டிய வாசல் வேறு, அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

புதியவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே "புதுச் சட்டம் வேண்டும்" என்பார்கள். விசாரித்தால் அந்த விதி முப்பது வருடமாகப் புத்தகத்தில் இருக்கும். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் தடுப்பு, அதாவது நாம் சேலை கார்டு என்று சொல்வது, இவையெல்லாம் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆம் விதியிலேயே இருக்கின்றன. புது வண்டி வாங்கும்போது தரமான ஹெல்மெட் ஒன்றைத் தயாரிப்பாளர் தரவேண்டும் என்பது 138-ஆம் விதி. இவற்றுக்குப் புதுச் சட்டம் கேட்டுப் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சிரித்துவிட்டு மனுவை ஓரமாக வைத்துவிடுவார்.

எனவே உங்கள் பிரச்சினையை ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு வரியில் அடங்கவில்லை என்றால் அது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டோ மூன்றோ. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. இடத்தை அளந்து வையுங்கள்

"ஸ்பீட் பிரேக்கர் ரொம்ப உயரம்" என்பது புலம்பல். எண் போட்டால் அது புகார்.

இந்தியச் சாலை காங்கிரசின் ஐஆர்சி 99 வழிகாட்டியில் வேகத்தடைக்குச் சொல்லியிருக்கும் வழக்கமான அளவு இது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கும்படியான வளைவு. நாங்கள் முதன்முதலாக அளந்தது 90 சென்டிமீட்டர் அகலத்தில் 18 சென்டிமீட்டர் உயரம். அது வேகத்தடையே இல்லை, தார் ஊற்றிய வரப்பு. அளக்கும் முறை எளிது. மேட்டின் உச்சியில் ஒரு கயிற்றை வைத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடியுங்கள், கயிறு மட்டமாக இருக்கிறதா என்று செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மேட்டின் அடிவாரத்தில் சாலையிலிருந்து கயிறு வரை நாடா வைத்து அளங்கள். அதிகாலையில் போங்கள். இருவர் அளக்கும்போது ஒருவர் ஒளிரும் சட்டை போட்டு வண்டிகளைப் பார்த்து நிற்கவேண்டும். சாலைப் பாதுகாப்புக்குப் போய் அடிபடுவது அவமானம்.

படம் பகலில் ஒன்று, இரவில் ஒன்று. இரவுப் படத்தை உட்கார்ந்து வண்டி ஓட்டும் கண் உயரத்தில், லோ பீம் வெளிச்சத்தில், முப்பது மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். காரணம் இருக்கிறது: ஆய்வுக்கு வருகிறவர் பகலில், நான்கு சக்கர வண்டியில் வருவார். அவருக்கு அந்த மேடு ஒரு சின்னக் குலுக்கல்தான். பெயின்ட் போன மேடு இரவில் சாலையோடு சாலையாகக் கரைந்து போவதை நீங்கள் காட்டினால்தான் அவருக்குத் தெரியும்.

வேகத்தடையை எல்லாரும் கவனிக்கிறார்கள். யாரும் கவனிக்காத ஒன்று உண்டு: சாலையின் பாதி அகலத்துக்கு மட்டும் புதுத் தார் போட்டுவிட்டு விட்டுவிடும் விளிம்பு. நான்கைந்து சென்டிமீட்டர்தான் இருக்கும், வண்டி போகும் திசையிலேயே நீளமாக ஓடும். கார் அதில் ஏறி இறங்கிவிடும். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரமோ சாய்வாக அதன் மேல் ஏற முயலும்போது விளிம்போடு உரசி வழுக்கிவிடும், ஹேண்டிலைத் திருப்பவும் முடியாது. இதைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் படத்தில் அது வெறும் கோடாகத் தெரியும். பாலத்து இணைப்புகளில் உள்ள இடைவெளி, வளைவில் கொட்டிக் கிடக்கும் மணல், சாலை மட்டத்துக்கு வராத மேன்ஹோல் மூடி ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

3. எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கும் மேல். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. மேடையில் சொல்ல நன்றாக இருக்கும், ஆனால் உங்கள் ஊர் உதவிப் பொறியாளரை இந்த எண் அசைக்காது. "இந்த ஐந்நூறு மீட்டரில் மூன்று வருடத்தில் இத்தனை விபத்து" என்பதுதான் அசைக்கும்.

அதற்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் வில்லை ஒட்டி எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான், "ஏன்" என்று கேட்பது. "ஏன் இங்கே விபத்து நடக்கிறது?" என்று கேட்டால், விளக்கம் தர சட்டத்தில் இடமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்: "இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை, இந்த மூன்று ஆண்டுகளில் பதிவான சாலை விபத்து வழக்குகளின் எண்ணிக்கை, இறந்தவர், காயமடைந்தவர், அதில் இரு சக்கர வாகனங்கள், ஆண்டு வாரியாக." பெயர், முகவரி கேட்காதீர்கள். அது தனிநபர் தகவல் என்று மறுக்க வழி விடுவதோடு, உங்களுக்கு அது தேவையும் இல்லை.

தேசிய நெடுஞ்சாலைகளில் 'பிளாக் ஸ்பாட்' என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள். உங்கள் இடம் இதில் அடங்கினால் அந்தச் சொல்லையே போடுங்கள், வேலை பாதி முடிந்தது. அடங்காவிட்டால் போடாதீர்கள். ஒரு மிகைப்படுத்தலைப் பிடித்துவிட்டால் மீதி எதையும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று. எஃப்ஐஆரில் பெரும்பாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்றுதான் இருக்கும், ஏனென்றால் அந்தப் படிவம் குற்றம் செய்தவரைத் தேடுகிறதே ஒழிய பள்ளத்தைத் தேடுவதில்லை. சாலையின் பங்கு அந்தத் தாளில் வராது. பக்கத்து டீக்கடை, பஞ்சர் கடைக்காரர்களிடம் பேசி எந்த நேரத்தில், எந்தப் பக்கமிருந்து வரும் வண்டி விழுகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். எங்களுக்கு இருட்டில், சரிவில் இறங்கி வரும் வண்டிகள்தான் விழுகின்றன என்று சொன்னது ஒரு பஞ்சர் கடைக்காரர். ஆவணத்தில் அது எங்கேயும் இல்லை.

4. பேனா யார் கையில் இருக்கிறது?

இந்த ஒரு கேள்வியில் சறுக்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், நான் உட்பட. நாங்கள் எழுதிய முதல் மனு நான்கு பக்கம், பதினோரு கோரிக்கை. மூன்று அலுவலகம் சுற்றி, "இது எங்கள் வரம்புக்குள் வராது" என்ற குறிப்போடு ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. தப்பு அவர்களுடையது இல்லை. பதினொன்றில் ஒன்பது உண்மையிலேயே அவர்களிடம் இல்லை.

சாலையில் உள்ள கோளாறு என்றால் சாலையின் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. ஆனால் கல்லை மட்டும் நம்பவேண்டாம், சாலை கை மாறிய பிறகும் பழைய பெயின்ட் அப்படியே இருக்கும். நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகவரம்பைக் குறைப்பது, ஒரு சாலையில் குறிப்பிட்ட வாகனத்தைத் தடுப்பது ஆகியவை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 112, 115 பிரிவுகளில் வரும். மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ செய்யலாம். அபராதத்தின் உச்ச அளவு நாடாளுமன்றச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அந்த இடத்திலேயே கட்டும் சமரசத் தொகையை 200-ஆம் பிரிவின்படி மாநிலம் தீர்மானிக்கும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அதை மாற்றினார்கள்.

வண்டியில் என்ன இருக்கவேண்டும் என்பது, அதாவது பிரேக், விளக்கு, கைப்பிடி, எல்லாம் மத்திய விதி. 2017 ஏப்ரலில் இருந்து முகப்பு விளக்கு தானாகவே எரிவது, 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வந்தது, இரண்டும் டெல்லியில் எழுதியவை. ஹெல்மெட்டின் தரம் ஐஎஸ் 4151, அதை வகுப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம்.

ஒரு உதாரணம் போதும். 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு - மைசூரு நெடுஞ்சாலையின் பிரதான பாதையில் பைக், ஸ்கூட்டர் போகக்கூடாது. அந்த அறிவிப்பைத் தந்தது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். அப்படிப்பட்ட இடத்தில் மாநிலப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஆயிரம் கையெழுத்து போட்டுக் கொடுத்தாலும், அங்கே அந்தப் பேனா இல்லை.

5. ஒரு பக்கம், ஒரு கோரிக்கை

கேட்பதை முதல் வரியிலேயே கேளுங்கள். எங்கள் இரண்டாவது மனு இப்படித் தொடங்கியது:

"இன்ன சாலையில், பள்ளியின் வடக்கு வாசலுக்கு எதிரே உள்ள வேகத்தடையை ஐஆர்சி 99 அளவுக்கு மாற்றி, வெள்ளைப் பட்டையும், முன்னறிவிப்புப் பலகையும், ஒளிரும் ஸ்டட்களும் வைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

அடுத்து அளவு, இரண்டு படம், ஆர்டிஐ எண்ணிக்கை. அவ்வளவுதான். "ஈவிரக்கமற்ற அதிகாரவர்க்கத்தின் மெத்தனத்தால்" என்று தொடங்கும் மனுவைப் படிக்கிறவருக்கும் ஒரு மனசு இருக்கிறது.

"வேகத்தடையை அகற்றவேண்டும்" என்று எழுதிவிடாதீர்கள். பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் உங்களுக்கு எதிராக நிற்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். ஓட்டுபவரின் உரிமையும் நடப்பவரின் உரிமையும் மோதாத வார்த்தையைத் தேடுங்கள், அநேகமாக எப்போதும் ஒன்று கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாமல் போய் அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் மனுவில் எழுதாதீர்கள். மிரட்டலாகப் படித்தால் கோப்பு சட்டக் கருத்துக்குப் போய்விடும், பிறகு அது திரும்பி வருவது கஷ்டம்.

6. கீழே கொடுத்துவிட்டு மேலே போங்கள்

முதலில் சம்பந்தப்பட்ட பொறியாளர் அலுவலகம். நேரில் போய்க் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அடுத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை எல்லாரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். "அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கவும்" என்று தனியாக ஒரு கடிதம் கொடுங்கள்.

நேராக மந்திரிக்கு அனுப்பினால் வேகமாக நடக்கும் என்பது ஒரு நம்பிக்கை. மேலே போனது "தக்க நடவடிக்கைக்காக" என்று அதே பொறியாளரிடம்தான் இறங்கி வரும், அதுவரை அவர் கேள்விப்பட்டிராத விஷயமாக, கொஞ்சம் எரிச்சலோடு. கீழே கொடுத்த முத்திரை கையில் இருந்தால், மேலே போகும்போது "இத்தனை நாளாகப் பதில் இல்லை" என்று காட்ட முடியும்.

அதற்கும் அசையவில்லை என்றால் சட்டமன்ற உறுப்பினர். அவரிடம் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், ஒரு பக்க மனுவின் அருமை அங்கே தெரியும். சட்டமன்றத்தின் மனுக்கள் குழு பொதுப் பிரச்சினைகளுக்கான மனுக்களை மாவட்டவாரியாகக் கேட்டு அறிவிப்பு விடும். தனிநபர் குறையும் நீதிமன்றத்தில் இருக்கும் விஷயமும் அதில் எடுபடாது.

7. வரைவு விதி வந்தால்

விதியையே மாற்றக் கேட்பவர்களுக்கு இதுதான் சரியான ஜன்னல், ஆனால் பலருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தும் முன் வரைவை இந்திய அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களும் கருத்துகளும் கேட்பார்கள். வழக்கமாக முப்பது நாள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வண்டியில் கூட்டிப் போனால் பாதுகாப்புப் பட்டை, ஹெல்மெட், 40 கிலோமீட்டர் வேகம் என்ற விதி அப்படித்தான் வந்தது. 2021 அக்டோபரில் வரைவு, 2022 பிப்ரவரியில் இறுதி அறிவிப்பு, நடைமுறைக்கு வர அதிலிருந்து ஒரு வருடம். இறுதியானபின் டிவியில் பார்த்துக் கொதித்தவர்களில் எத்தனை பேர் அந்த முப்பது நாளில் ஒரு வரி எழுதியிருப்பார்கள்?

மாதம் ஒருமுறை ஒருவர் அமைச்சகத்தின் இணையதளத்தையும் அரசிதழ் தளத்தையும் பார்ப்பது என்று வேலை பிரித்துக்கொள்ளுங்கள். வரைவு வந்தால் அதன் ஜி.எஸ்.ஆர். எண்ணை, அதாவது அரசிதழில் அந்த அறிவிப்புக்குக் கொடுத்திருக்கும் எண்ணை, தலைப்பில் போட்டு, எந்த விதி, எந்த உட்பிரிவு, அதில் எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல், ஏன் என்று எழுதுங்கள். மாற்றுச் சொல்லைத் தராமல் "இந்த விதி மக்கள் விரோதமானது" என்றால், கோப்பைத் தயாரிப்பவர் அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவார்? ஒரே கடிதத்தை ஐந்நூறு பேர் அனுப்புவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பால்காரர், டெலிவரி ஓட்டுபவர், குழந்தையைப் பள்ளியில் விடும் அம்மா, மூவரும் தங்கள் அனுபவத்திலிருந்து தனித்தனியாக எழுதிய மூன்று கடிதம் மேல்.

8. விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு இப்போது நேரம்

இவ்வளவும் முடித்த பிறகு வைக்கக் காரணம், இப்போதுதான் உங்களிடம் பேச உள்ளூர் விஷயம் இருக்கும். ஊர்வலம் வேண்டாம், போலீஸ் அனுமதி வாங்கி, போக்குவரத்தை மறித்து, திட்டு வாங்கி முடியும். பெட்ரோல் பங்க்கில் அனுமதி கேட்டு இரண்டு மணி நேரம் ஹெல்மெட் பரிசோதனை நடத்துங்கள்.

ஹெல்மெட்டைப் போட்டு ஸ்ட்ராப் மாட்டச் சொல்லுங்கள். பின்னால் நின்று, ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து மெதுவாக மேலேயும் முன்பக்கமாகவும் தள்ளுங்கள். நெற்றி வழியாகக் கழன்று வந்தால் விபத்தில் அது முதலில் பறக்கும், தலை அதற்குப் பிறகு தரையில் படும். பத்துப் பேரில் சிலருக்காவது அப்படியே கையோடு வந்துவிடும், அந்த முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும். எந்தப் பேச்சும் அந்த வேலையைச் செய்யாது.

இலவச ஹெல்மெட் கொடுப்பதாக இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதை மட்டும் கொடுங்கள். 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே தவறு. சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பதை நூறு வாங்கிக் கொடுப்பதைவிட நல்லது பத்து வாங்கிக் கொடுக்கலாம். அப்புறம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவையும் சொல்லுங்கள்: விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது. அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் நிற்க, யாரும் கை வைக்காமல் இருப்பது இந்தப் பயத்தில்தான்.

உங்கள் குழுவில் ஒருவர் ஸ்ட்ராப் மாட்டாமல் புகைப்படத்தில் நின்றால் ஆறு மாத வேலையும் அந்தப் படத்துக்குக் கீழே போய்விடும்.

9. நோட்டில் தொடருங்கள்

தேதி, யாரிடம் கொடுத்தது, என்ன சொன்னார், அடுத்து எப்போது. நான்கு கட்டம் போதும். மாதம் ஒருமுறை போய்க் கேளுங்கள், வாரம் ஒருமுறை போனால் உங்களைக் கண்டதும் அறைக்கதவு சாத்தப்படும். அதிகாரி மாறினால் கோப்பின் நகலோடு போய்ப் புதியவரைப் பாருங்கள், பழையவர் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று இருந்துவிடாதீர்கள்.

வேலை நடந்து முடிந்ததும் அதே கயிறு, அதே நாடாவோடு போய் மறுபடி அளங்கள். எங்களுக்கு இரண்டாவது தடவை வந்தது 12 சென்டிமீட்டர், அகலம் ஏறக்குறைய சரி. எழுதிக் கொடுத்தோம், நன்றிக் கடிதத்தோடு. ஆறு மாதம் கழித்து அதே முப்பது மீட்டரில், லோ பீமில், இன்னொரு இரவுப் படம் எடுங்கள். அதற்குள் பெயின்ட் தேய்ந்திருக்கும்.